தயோரெடாக்சினும் குளுட்டாரெடாக்சினும்: பதிலாள் என்ற பெயர் பொருந்துமா?

“தயோரெடாக்சின் ஒன்று இருக்கும்போது குளுட்டாரெடாக்சின் எதற்கு, டீச்சர்? ரெண்டும் ஒரே வேலைதானே செய்யுது?” பட்டர்வொர்த்தில் நான் நடத்தும் ஆறாம் படிவ உயிரியல் டியூஷனில் ஒரு மாணவி கேட்டாள். பாடத்துக்கு வெளியே எங்கோ படித்துவிட்டு வந்திருந்தாள். நல்ல கேள்வி. வகுப்பு முடியும் நேரத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் அதற்கு இல்லை. அதனால் இங்கே ஆற அமர எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளுட்டாரெடாக்சினைத் தயோரெடாக்சினின் பதிலாளாகப் பார்ப்பது தவறு. அப்படி ஒரு பெயர் அதற்கு வந்தது, அதை முதலில் கண்டுபிடித்த விதத்தால்தான்.

இரண்டுக்கும் பொதுவான வேலை எது? சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் நுனியில் ஒரு கந்தக அணு இருக்கிறது. ஆக்சிஜனேற்றம் நடந்தால் இப்படி இரண்டு கந்தகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதுதான் டைசல்ஃபைடு பிணைப்பு. உயிரணுவுக்கு வெளியே வேலை செய்யும் இன்சுலின் போன்ற புரதங்களுக்கு அந்தப் பிடி அவசியம். உயிரணுவுக்கு உள்ளே, பெரும்பாலான புரதங்களுக்கு அது கையைக் கட்டிப்போட்டது மாதிரி. எலக்ட்ரான் கொடுத்து அந்தக் கட்டை அவிழ்ப்பதை ஒடுக்கம் என்கிறோம். தயோரெடாக்சின், குளுட்டாரெடாக்சின் இரண்டுமே கட்டவிழ்க்கும் சிறு புரதங்கள்.

தயோரெடாக்சின் 1964-இல் சுவீடனில் ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. டிஎன்ஏ செய்யத் தேவையான மூலப்பொருளைத் தயாரிக்கும் நொதியின் பெயர் ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ். ஒவ்வொரு சுற்று வேலைக்குப் பிறகும் இந்த நொதியின் கந்தகங்கள் கட்டிக்கொள்ளும். யாராவது வந்து அவிழ்த்தால்தான் அடுத்த சுற்று. அவிழ்ப்பது தயோரெடாக்சின் என்று தெரிந்ததும் கதை முடிந்ததாகத் தோன்றியது. அப்புறம்தான் ஒரு சிக்கல் வந்தது. தயோரெடாக்சினே இல்லாத ஈ. கோலை வகை ஒன்று செழிப்பாக வளர்ந்தது, டிஎன்ஏவும் செய்தது. அப்படியானால் வேறு யாரோ அவிழ்க்கிறார்கள். 1976-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஆர்னே ஹோம்கிரென் அந்த ஆளைப் பிடித்தார். குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு இருந்தால் மட்டுமே வேலை செய்ததால் குளுட்டாரெடாக்சின் என்று பெயர் வைத்தார்.

ஆள் வராத நாளில் வேலைக்கு நின்றவர் என்ற அறிமுகம். அந்த முத்திரை இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் எலியின் கல்லீரலில் தயோல்டிரான்ஸ்ஃபரேஸ் என்ற பெயரில் தனியாக ஆராயப்பட்டுவந்த நொதியும் இதே புரதம்தான் என்று பிறகு தெரிந்தது. அந்த வழியாக முதலில் அறிமுகமாகியிருந்தால் இதை யாரும் பதிலாள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உருவத்தில் இரண்டும் பங்காளிகள். நடுவில் தாள்போல விரியும் இழைகள், சுற்றிலும் சுருள்கள். தயோரெடாக்சின் மடிப்பு என்றே இந்த அமைப்புக்குப் பெயர். ஈ. கோலையின் தயோரெடாக்சினில் 108 அமினோ அமிலங்கள், அதன் முதல் குளுட்டாரெடாக்சினில் 85. வேலை நடக்கும் முனையில் இரண்டிலும் இரண்டு சிஸ்டீன்கள், இடையில் இரண்டு அமினோ அமிலங்கள். தயோரெடாக்சினில் அந்த இடைப்பட்டவை கிளைசினும் புரோலினும். குளுட்டாரெடாக்சினில் புரோலினும் டைரோசினும். இந்தச் சின்ன மாற்றத்தோடு ஒடுக்கும் வலிமையும் மாறுகிறது. தயோரெடாக்சினின் ஒடுக்க அழுத்தம் மைனஸ் 270 மில்லிவோல்ட், குளுட்டாரெடாக்சினுடையது மைனஸ் 233. எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு தாராளமாக எலக்ட்ரானைக் கொடுக்கும். இந்த ஒரு கணக்கில் தயோரெடாக்சின்தான் பலசாலி.

கை நீட்டிக் கொடுத்துவிட்ட எலக்ட்ரானை மறுபடி எங்கிருந்து பெறுகின்றன என்பதில்தான் பெரிய வித்தியாசம். தயோரெடாக்சினுக்கென்றே ஒரு நொதி இருக்கிறது: தயோரெடாக்சின் ரிடக்டேஸ். நம் உடலில் அந்த நொதிக்குச் செலினியம் வேண்டும். குளுட்டாரெடாக்சினுக்கு அப்படித் தனி ஆள் இல்லை. குளுட்டமேட், சிஸ்டீன், கிளைசின் மூன்றும் சேர்ந்த அந்தக் குளுட்டாதயோன் உயிரணுவில் 1 முதல் 10 மில்லிமோலார் வரை நிறைந்து கிடக்கிறது. குளுட்டாரெடாக்சின் அந்தக் குளத்தில் கைவைத்து எடுத்துக்கொள்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போக 1985-இல் பாலம் வந்தது. கார், லாரி எல்லாம் பாலத்தில் போகின்றன. பாலம் இருக்கும்போது ஃபெரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நடந்து வருகிறவருக்குப் பாலத்தில் இடமில்லை. இன்றைய ஃபெரியில் கார் ஏறாது. நடந்து வருகிறவர்களும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களும்தான் ஏறுகிறார்கள். இரண்டும் அதே கடலைத்தான் கடக்கின்றன, பயணிகள் வேறு. சரி, அப்படியானால் குளுட்டாரெடாக்சினில் மட்டும் ஏறும் பயணி யார்?

அந்தப் பயணி, குளுட்டாதயோன் ஒட்டிக்கொண்ட புரதம். உயிரணுவில் ஆக்சிஜனேற்ற நெருக்கடி வரும்போது குளுட்டாதயோனே போய்ப் புரதங்களின் சிஸ்டீனில் ஒட்டிக்கொள்ளும். இது கேடு மாதிரி தெரிந்தாலும் ஒரு பாதுகாப்பு. மூடப்படாத கந்தகம் மேலும் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் திரும்பி வரவே முடியாத நிலைக்குப் போய்விடும். மூடிவைத்தால் நெருக்கடி தீர்ந்ததும் மூடியைக் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் மூடி இருக்கும்வரை அந்தப் புரதத்தின் வேலை குறைகிறது அல்லது நிற்கிறது. உயிரணுவின் எலும்புக்கூடு போன்ற ஆக்டினில் ஒட்டினால், அது இழையாகச் சேர்வது மந்தமாகும். ஆக, மூடுவதும் கழற்றுவதும் சேர்ந்து ஒரு சுவிட்ச் ஆகின்றன. சுவிட்சைத் திரும்பப் போடும் கை குளுட்டாரெடாக்சினுடையது.

எப்படிக் கழற்றுகிறது என்பதை நான் மறுபடி மறுபடி படித்து ரசித்திருக்கிறேன். சாதாரண சிஸ்டீனின் கந்தகம் தன் ஹைட்ரஜனைக் கைவிட, அமில-கார அளவு (pH) ஏறத்தாழ 8.3 ஆக இருக்க வேண்டும். மனித குளுட்டாரெடாக்சினின் முதல் சிஸ்டீனுக்குச் சுமார் 3.5 போதும். அதாவது உயிரணுவின் இயல்பு நிலையில் அந்தக் கந்தகம் எப்போதும் மின்னூட்டத்தோடு, பாயத் தயாராக நிற்கிறது. பக்கத்திலேயே குளுட்டாதயோன் அளவாக உட்காரும் பள்ளம். மூடிய புரதம் வந்ததும் கந்தகம் பாய்ந்து குளுட்டாதயோனைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது, புரதம் விடுபடுகிறது. அடுத்து இன்னொரு குளுட்டாதயோன் வந்து, முதல் குளுட்டாதயோனோடு சேர்ந்து ஜோடியாக வெளியேறுகிறது. இந்த வேலைக்கு ஒரே ஒரு சிஸ்டீன் போதும். இரண்டாவதை மரபணு மாற்றத்தால் எடுத்துவிட்டாலும் மூடியைக் கழற்றும் வேலை நடக்கிறது. தயோரெடாக்சினோ இரண்டு சிஸ்டீனையும் நம்பியிருக்கிறது. குளுட்டாதயோன் மூடிகளைக் கழற்றுவதில் அது வெகு மந்தம். மைனஸ் 270-இன் பலம் இங்கே கைகொடுப்பதில்லை. பூட்டுக்குப் பொருத்தமான சாவிதான் வேண்டும்.

இதற்காகத் தயோரெடாக்சினைக் குறைத்துப் பேச முடியாது. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் பெராக்சிரெடாக்சின்களுக்கு எலக்ட்ரான் தருவது அதுதான். ஏஎஸ்கே1 என்ற புரதத்தைப் பிடித்துவைத்து, உயிரணு தேவையில்லாமல் தற்கொலைப் பாதையில் இறங்காமல் தடுப்பதும் அதுதான். 1996-இல் தயோரெடாக்சின்-1 இல்லாத எலிகளை உருவாக்கப் பார்த்தபோது, அவை கருவிலேயே இறந்தன. குளுட்டாரெடாக்சின்-1 இல்லாத எலிகள் 2007-இல் பிறந்து நன்றாகவே வாழ்ந்தன. “பார்த்தீர்களா, பதிலாள்தான்” என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் காட்டுகிறார்கள்.

ஆனால் குளுட்டாரெடாக்சின் ஒரே ஆள் அல்ல, ஒரு குடும்பம். மனிதரில் நான்கு உண்டு: 1, 2, 3, 5. இவற்றில் 3-உம் 5-உம் வேலை முனையில் ஒற்றைச் சிஸ்டீனை மட்டும் வைத்திருப்பவை. இவற்றின் முக்கிய வேலை கட்டவிழ்ப்பது கூட இல்லை. இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு கொத்துகள் பல நொதிகளுக்கு உயிர்நாடி. இரண்டு குளுட்டாரெடாக்சின்கள் சேர்ந்து, இரண்டு குளுட்டாதயோனையும் துணைக்கு வைத்துக்கொண்டு, அந்தக் கொத்தை ஏந்தி வேண்டிய இடத்தில் சேர்க்கின்றன. மைட்டோகாண்டிரியாவில் இருக்கும் 5-ஆவது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று 2005-இல் ஷிராஸ் என்று பெயரிட்ட வரிக்குதிரை மீன்கள் காட்டின: ரத்தச் சிவப்பணுவில் ஹீம், அதாவது ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதி, உற்பத்தியாவது படுத்துவிட்டது. இரண்டே ஆண்டில், 2007-இல், இதே குறையோடு ஒரு நோயாளி இத்தாலியில் கண்டறியப்பட்டார். ரத்தசோகை, ஆனால் உடலில் இரும்பு மிதமிஞ்சி. ரத்தம் ஏற்றினால் நோய் கூடியது. இரும்பை வெளியேற்றும் மருந்து கொடுத்ததும் ஓரளவு தேறினார். ரத்தசோகை என்றதும் இரும்பு மாத்திரை என்று பழகிய எனக்கு, அதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. இந்த வேலையில் தயோரெடாக்சினுக்குப் பங்கே இல்லை.

இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்கும் இடங்களும் நிஜம்தான். ரொட்டி ஈஸ்ட்டின் சைட்டோபிளாசத்தில் முக்கியமாக இரண்டு தயோரெடாக்சின், இரண்டு சிஸ்டீன் கொண்ட குளுட்டாரெடாக்சின் இரண்டு. நான்கில் ஏதாவது ஒன்று மிஞ்சியிருந்தால் ஈஸ்ட் பிழைத்துக்கொள்கிறது. நான்கையும் எடுத்தால் செத்துவிடுகிறது. புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஔரானோஃபின் என்ற தங்க மருந்து தயோரெடாக்சின் ரிடக்டேஸை முடக்கும். குளுட்டாதயோன் உற்பத்தியையும் சேர்த்து அடைத்தால் புற்றணுக்கள் தனித்தனி அடியைவிடப் பலமாகத் தாக்கப்படுகின்றன என்று 2015-இல் எலிகளில் காட்டினார்கள்.

ஆய்வகத்தில் எதை அளப்பது எளிது என்று கேட்டால், பார்க்க அழகு தயோரெடாக்சின் சோதனை. தெளிந்த இன்சுலின் கரைசலில் அதை எலக்ட்ரான் தரும் ஒரு பொருளோடு சேர்த்தால், இன்சுலினின் கட்டுகள் அவிழ்ந்து, கண்ணெதிரே கரைசல் பால்போலக் கலங்கும். குளுட்டாரெடாக்சினுக்கு அந்த நாடகம் இல்லை. எலக்ட்ரான் சுமக்கும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு குறைவதை 340 நானோமீட்டர் ஒளியில் எண்ணாகத்தான் பார்க்க வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கும் உயிரணுவுக்குள் பார்க்க வேண்டுமானால் என் ஓட்டு குளுட்டாரெடாக்சினுக்கு. 2008-இல் அதை ஓர் ஒளிரும் புரதத்தோடு ஒட்டவைத்து, குளுட்டாதயோனின் நிலையை நொடிக்கு நொடி ஒளியாகக் காட்டும் கருவியாக்கினார்கள்.

குளுட்டாதயோன் என்றதும் ஜார்ஜ்டவுன் அழகு நிலையங்களின் வெண்மை விளம்பரம் நினைவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாயால் விழுங்கும் குளுட்டாதயோனில் பெரும்பகுதி குடலிலேயே சிதைகிறது. உயிரணு தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். குளுட்டாரெடாக்சினைப் பற்றிப் படித்துவிட்டு அந்தப் பெட்டியை வாங்க ஓடாதீர்கள்.

இரண்டு பாதைகளும் ஒரே பணப்பையிலிருந்துதான் செலவு செய்கின்றன என்பதை நான் புத்தகத்தில் படித்தேன், ஆனால் புரிந்துகொண்டது அக்கா வீட்டில். தயோரெடாக்சின் ரிடக்டேஸ், பயன்பட்ட குளுட்டாதயோனைப் புதுப்பிக்கும் குளுட்டாதயோன் ரிடக்டேஸ் இரண்டுக்கும் எலக்ட்ரான் தருவது என்ஏடிபிஎச். சிவப்பணுவுக்கு மைட்டோகாண்டிரியா கிடையாது. அதன் என்ஏடிபிஎச் முழுக்க ஜி6பிடி என்ற நொதி தொடங்கிவைக்கும் பாதையை நம்பியிருக்கிறது. நம் மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்த நொதியைப் பரிசோதிக்கிறார்கள். அக்கா மகனுக்குக் குறைபாடு என்று வந்தது. காச்சாங் பாராங் (ஃபாவா அவரை) கொடுக்கக்கூடாது, அந்துருண்டை வீட்டிலேயே இருக்கக்கூடாது என்றார்கள். “ஒரு உருண்டை பிள்ளையை என்னடி செய்யும்?” என்று அக்கா என்னைக் கேட்டாள்.

அந்துருண்டையிலுள்ள நாஃப்தலீன் உடலுக்குள் போனால் சிவப்பணுவில் ஆக்சிஜனேற்ற நெருக்கடி உண்டாகும். மற்றவர்களுக்கு ஃபெரியும் ஓடும், பாலமும் திறந்திருக்கும். இவனுக்கு இரண்டு பக்கமும் எரிபொருள் குறைவு. மூடிய புரதங்களைத் திறக்கவும் முடியாமல், பெராக்சைடைச் சிதைக்கவும் முடியாமல் சிவப்பணு உடைந்துபோகும். அப்போது எது பெரியது, எது பதிலாள் என்ற கேள்விக்கே இடமில்லை. இதை அக்காவிடம் சமையலறையில் நின்று சொன்னேன். அன்று மாலையே துணி அலமாரியைக் காலிசெய்து, எல்லாத் துணியையும் துவைத்துக் காயப்போட்டாள். இப்போது அங்கே அந்துருண்டைக்குப் பதிலாகத் துணியில் முடிந்த கிராம்பு தொங்குகிறது.