மாங்கூழ் ஆலையும் நிஸ்-2 சோதனையும்

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் என் பொறுப்பு. நிஸ்-2 என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் பாதுகாப்புச் சட்டம். "நிஸ்-2 உங்களுக்குப் பொருந்துமா?" என்று ஜெர்மன் வாடிக்கையாளர் கேட்டதும், முதலில் தட்டுப்பட்ட ஒரு கட்டணக் கருவியைப் பார்த்தேன். போன் நம்பர் கொடுத்த பிறகு, "பொருந்தும்" என்று மொட்டையாக ஒரு பதில். அதோடு டெமோவுக்கு ஓயாத அழைப்பு.

ஜெர்மன் அரசின் தகவல் பாதுகாப்பு அலுவலகமான பிஎஸ்ஐ தரும் இலவசச் சோதனை எவ்வளவோ மேல். கம்பெனிப் பெயரே கேட்பதில்லை. துறை, ஆட்கள், விற்றுமுதல் என்று படிப்படியாகக் கேட்கிறது. உணவு உற்பத்தி சட்டத்தின் துறைப் பட்டியலில் உண்டு. 50 பேர் வரம்பையும் தாண்டுகிறோம். ஆனால் ஐரோப்பாவில் எங்களுக்குக் கிளை இல்லாததால் சட்டம் நேரடியாக வராது. சப்ளையர் பாதுகாப்பையும் வாங்குபவர் கவனிக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. வாடிக்கையாளர் எங்களிடம் கேட்பது அதனால்தான்.

நம் நாட்டு சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட 2022 உத்தரவுக்கு இந்தச் சோதனை உதவாது. சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்தில் தகவல், கம்ப்யூட்டர் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருப்பது: அதைத் தனியாகப் பாருங்கள்.