ரம்ப மிஷின் ரிப்பேர்: பழைய கியருக்குப் பெயின்ட் அடித்து 6,500 ரூபாய் வாங்கிய கதை

செல்லூரில் அப்பா காலத்துத் தச்சுப் பட்டறை எங்களுடையது. அங்கே ஒரு பழைய 10 அங்குல டேபிள் சா, அதாவது மேஜை நடுவில் வட்ட பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் ரம்ப மிஷின், இருக்கிறது. பிளேடை ஏற்றி இறக்கும் வீல் கொஞ்ச நாளாகவே இறுகிக்கொண்டு வந்தது. பிளேடைச் சாய்க்கிற வீல், இரண்டு கையால் பிடித்தாலும் அசையவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி மெக்கானிக்கை வரவழைத்தேன். அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "அண்ணே, கியர் தேஞ்சு போச்சுண்ணே. புதுசு போட்டாத்தான் ஓடும்." கூலியோடு 6,500 ரூபாய், அதில் 4,000 முன்பணம்.

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். தேய்ந்த கியர் ஆட்டம் கொடுக்கும். வீல் கொஞ்ச தூரம் சும்மா சுற்றிவிட்டு அப்புறம்தான் பிடிக்கும். இறுகினால் பெரும்பாலும் அழுக்குதான். இல்லையென்றால் வீலின் நடுவில் இருக்கிற லாக்கைத் தளர்த்தாமல் திருப்புகிறோம் என்று அர்த்தம்.

கழற்றிக்கொண்டு போனவர், "அழகர் ஆத்துல இறங்கட்டும்ண்ணே" என்று 12 நாள் இழுத்தார். மாட்டிய அன்று வீல் ஒரு விரலுக்குச் சுற்றியது. மீதியையும் கொடுத்தேன். பழைய கியர் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள். கழற்றும் முன்பே போனில் நாலு படமும் எடுத்து வையுங்கள்.

அந்த வாரமே ஒரு கதவு நிலை செய்தோம், மூலை சேரவில்லை. பையனைத் திட்டினேன், பாவம். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் பிளேடே சாய்ந்து நிற்கிறது. 90 டிகிரியில் நிறுத்தும் போல்ட்டை மெக்கானிக் சரிபார்க்கவே இல்லை. 1 டிகிரி சாய்ந்தால் 3 அங்குலக் கனத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகும். ஒரு தேக்குக் கால் வீண்.

ஒன்றரை மாதத்தில் வீல் மறுபடி இறுகியது, முன்னைவிட மோசமாக. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானே திறந்தேன். பல் முழுக்கக் கிரீஸை அப்பியிருந்தார். அதில் மரத்தூள் ஒட்டிக் களிம்பாகக் கெட்டித்திருந்தது. சுரண்டச் சுரண்ட வெள்ளிப் பெயின்ட் உரிந்து வந்தது. அதற்கடியில், மாட்டும்போது நேர் பார்க்க அப்பா பஞ்ச் உளியால் குத்தி வைத்த இரண்டு புள்ளிகள்! புதுசு என்று மாட்டியது எங்கள் பழைய கியரேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். பிறகு கிரீஸுக்குப் பதில் மெழுகை மெல்லிசாகத் தடவி, வீலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துத் தடவை ஓட்டினேன். மெழுகில் தூள் அவ்வளவாக ஒட்டாது. போல்ட்டை மூலைமட்டம் வைத்துத் திருப்பி நிறுத்தினேன். மொத்தச் செலவு 100 ரூபாய்கூட வராது.

போன் போட்டுக் கேட்டேன். "பெயின்ட் அடிச்சதுக்கும் செலவாச்சுல்லண்ணே" என்றார்.