எலிமென்ட் ஆப்: சாவி மேட்டருக்கு அப்புறமும் ஏன் வெச்சிருக்கேன்

மண்ணடில கஸ்டம்ஸ்ல சரக்கு எடுத்துக்குடுக்கற ஒரு சின்ன கிளியரிங் ஆபீஸ்ல வேலை, வீடு ராயபுரம். பார்ட்டிங்களோட பான் கார்டு, ஐஇசி (இம்போர்ட் எக்ஸ்போர்ட் கோடு), இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது)னு நாள் முழுக்க போட்டோ எடுத்து அனுப்பிகினே இருக்கறதுதான் எங்க பொழப்பு. 2021 ஜனவரில வாட்ஸ்அப் பாலிசி மாறுதுன்னு ஊரே பயந்தப்போ ஆபீஸ் குரூப்ப எலிமென்ட்டுக்கு மாத்தினோம். இது மேட்ரிக்ஸ்ங்கற நெட்வொர்க்ல ஓடற சாட் ஆப், வாட்ஸ்அப் மாதிரிதான். போன் நம்பரே குடுக்க வேணாம், லேப்டாப்லயும் தனியா ஓடும், ரொம்ப வசதி.

நான் சொல்ல வந்தது செப்டம்பர் மேட்டர. அந்த வருஷம் செப்டம்பர் 13ம் தேதி மேட்ரிக்ஸ்காரங்களே வெளில சொன்னாங்க, எலிமென்ட் வெப், ஆண்ட்ராய்டு ரெண்டுக்கும் அடில ஓடற லைப்ரரிங்கள்ல (ஆப் கட்டறதுக்கு உள்ள ரெடிமேட் கோடு) ஓட்டை இருக்கு, மெசேஜ் பூட்டற சாவியே வெளில போகலாம்னு. பூட்டு ஸ்ட்ராங்தான், சாவி குடுக்கற எடத்துலதான் தப்பு. எதிர்ல இருக்கறவரு போன்ல பழைய மெசேஜ் தொறக்கலன்னா அது நம்ம போன்கிட்ட சாவிய திரும்ப கேக்கும், முதல்ல எந்த போனுக்கு அனுப்புனோமோ அதுக்கு மட்டும்தான் குடுக்கணும், ஆனா கேக்கறது அதே போன்தானான்னு ஆப் சரியா பாக்கல. பக்கத்து வீட்டு அக்காகிட்ட சாவி குடுத்துட்டு ஊருக்கு போறோம், எவனோ வந்து "நான் அவங்க தம்பி"ன்னதும் மூஞ்ச கூட பாக்காம எடுத்து குடுத்தா எப்படி இருக்கும், அப்படித்தான். குரூப்ல இருக்கற எங்க அண்ணன் பாஸ்வேர்ட எவனாவது புடிச்சிட்டான்னா, இல்ல அவர் சர்வரே கெட்டவன் கைல இருந்துச்சுன்னா, நான் எவ்ளோ உஷாரா இருந்தாலும் நான் அனுப்புன பான் கார்டெல்லாம் போச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல எனக்கு.

யாரும் இத வெச்சு திருடுனதா தெரியலன்னு சொன்னாங்க, ஐபோன் ஆப்ல இந்த பிரச்சனையே இல்ல, ஆண்ட்ராய்டு ஆப்ல 1.2.2 வெர்ஷன்ல சரி பண்ணிட்டாங்க. அண்ணன் போன வாங்கி பாத்தா ஸ்டோரேஜ் ஃபுல், அப்டேட் எறங்கவே இல்ல. பாப்பா காதுகுத்து வீடியோ எல்லாத்தையும் லேப்டாப்புல ஏத்திட்டு, அப்டேட் போட்டு, டீக்கடைல நின்னுகினே ரெண்டு போனையும் பக்கத்துல வெச்சு, எதிர்ல இருக்கறது நெஜமா அவர் போன்தானான்னு உறுதி பண்ண ஆப் காட்டற 7 எமோஜியும் ரெண்டுலயும் ஒரே மாதிரி வருதான்னு ஒவ்வொண்ணா பாத்து வெரிஃபை பண்ணோம். "இத மொதல்லயே பண்ணிருக்கலாமேடா தம்பி"ன்னாரு.

5க்கு 4 குடுக்கறேன். சாவி விஷயத்துல ஆள் யாருன்னு பாக்காம விட்டது சின்ன தப்பு இல்ல, அதுக்கு ஒண்ணு கொறச்சேன். தாங்களே ஆடிட் பண்றப்போ கண்டுபுடிச்சு, மறைக்காம எந்த வெர்ஷன்னு நம்பரோட சொன்னாங்களே, அதுக்குத்தான் மிச்சம் 4. பழைய போன்ல இன்னும் 1.2.2க்கு முன்னாடி வெர்ஷன் வெச்சிருக்கறவங்க இன்னிக்கே மாத்திடுங்க, உங்களோடது மட்டும் இல்ல, குரூப்ல இருக்கற எல்லாரோடதும்.