பேசுபவர்–கேட்பவர் அட்டை: எங்கே உதவும், எங்கே சொதப்பும்

உள்ளங்கையில் அடங்கும் அட்டைதான். அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் ஹோவர்ட் மார்க்மன், ஸ்காட் ஸ்டான்லி குழுவினர் வளர்த்தெடுத்த 'பிரெப்' தம்பதிப் பயிற்சியில் வரும் விதிகளைச் சுருக்கித் தருகிறது. தம்பதிகளை மனதில் வைத்துச் செய்தது என்றாலும், ஒருவர் வாயைத் திறந்ததுமே மற்றவர் அறிவுரையை ஆரம்பித்துவிடும் எந்த இருவருக்கும் பொருந்தும்.

அட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசுவார். தன் மனதில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிக்கக் கூடாது. இரண்டு மூன்று வாக்கியத்தில் நிறுத்திவிடுவது நல்லது. கேட்பவர், காதில் விழுந்ததைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வார். மறுத்துப் பேசக் கூடாது. பிறகு அட்டை கைமாறும். இவ்வளவுக்கும் மேலே ஒரு விதி: இது நடக்கும்போது இருவருமே தீர்வு சொல்லக் கூடாது. இந்த ஒரு வரிக்காகவே அட்டையைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

ஒரு சுற்று எப்படிப் போகும்?

"மீட்டிங்ல நான் வாயெடுத்தாலே மேனேஜர் கையைக் காட்டி நிறுத்திடறார். வேலைக்குப் போகவே பிடிக்கல."

அட்டை இல்லாவிட்டால் அடுத்த நொடியே "மெயில்ல போட வேண்டியதுதானே?" என்று வரும். அட்டை இருந்தால், "எல்லார் முன்னாடியும் நிறுத்தறது உனக்கு அவமானமா இருக்கு, சரியா?" என்று கேட்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில், "அவமானம் இல்ல, பயம். வேலையே போயிடுமோன்னு இருக்கு." திருப்பிச் சொன்னது தப்பாகப் போனதால்தான் உண்மையான விஷயம் வெளியே வந்தது. மெயில் யோசனை இந்தப் பயத்தின் பக்கமே வந்திருக்காது.

நல்ல யோசனைகூட ஏன் எரிச்சலூட்டுகிறது என்பதற்கு ஜாக் பிரெம் 1966-இல் முன்வைத்த உளவியல் கோட்பாடு ஒன்று விளக்கம் தருகிறது: தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை பறிபோகிறது என்று தோன்றினால் மனிதர் எதிர்த்திசையில் முரண்டு பிடிப்பார். யோசனையின் தரத்துக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை.

சொதப்பும் இடங்களும் உண்டு. முதலாவது, கிளிப்பிள்ளை வேலை. சொன்னதை எழுத்து மாறாமல் ஒப்பித்தால் கேலி செய்வது போலவே இருக்கும். அடுத்து, கேள்வி வேஷத்தில் வரும் அறிவுரை: "எச்ஆர்கிட்ட பேசிப் பார்த்தியா?" இதற்கு அட்டையில் தனி எச்சரிக்கை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏனென்றால் இந்தக் கேள்வியைப் போடுபவர் தான் அறிவுரை சொல்வதாக நினைப்பதே இல்லை. பேசுபவர் பக்கமும் தவறு நடக்கும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் திருப்பிச் சொல்ல எதிரில் இருப்பவருக்கு வாயே வராது. "போன வாரம் நான் பேசும்போது போனை எடுத்தே" என்று ஒரே ஒரு சம்பவத்தோடு நிறுத்தினால் சுற்று நகரும்.

இந்த முறைக்கு எதிர்ப்பும் இருக்கிறது. தம்பதி உறவுகளை ஆராயும் உளவியலாளர் ஜான் காட்மன் குழு புதுமணத் தம்பதிகளை வைத்துச் செய்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சண்டையின்போது இப்படித் திருப்பிச் சொல்வது இயல்பாக அரிதாகவே நடந்தது. திருப்பிச் சொல்வதை வைத்துப் பிற்கால மண வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கணிக்கவும் முடியவில்லை. இயல்பாக வராது என்பதால்தான் அட்டையே தேவைப்படுகிறது என்று ஆதரவாளர்கள் சொல்லலாம். ஆனால் கோபம் தலைக்கேறிய பிறகு அட்டையை நீட்டினால் அது பறந்துவிடும் என்பதும் நிஜம். சின்ன விஷயத்தில், இருவரும் நிதானமாக இருக்கும்போது பழகிக்கொள்ள வேண்டும்.

மிரட்டலோ அடியோ இருக்கும் உறவில் இது வேண்டவே வேண்டாம். மனம் திறந்து சொன்னதே பிறகு ஆயுதமாகத் திரும்பும். நாலைந்து பேர் கூடியிருக்கும் இடத்திலும் எடுபடாது. அங்கே, பேச ஆரம்பிக்கும் முன்பே "யோசனை அப்புறம் கேக்கறேன், இப்ப அஞ்சு நிமிஷம் கேட்டா போதும்" என்று வாய்விட்டுச் சொல்வதுதான் வேலை செய்யும்.

அச்சடித்ததையே வாங்க வேண்டும் என்றில்லை. தடித்த தாளில் விதிகளைக் கையால் எழுதிக்கொண்டாலும் போதும். தீர்வு கூடாது என்ற வரியை மட்டும் இருபுறமும் எழுதுங்கள்.