பால் வேனுக்கு வழி சொல்லும் செயலி: ஒரு மதிப்பீடு

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் பால் சங்கங்களைச் சுற்றிக் கேன் எடுக்கும் வேன்காரர்கள் சிலர், வழி வகுத்துத் தரும் கைப்பேசிச் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டியிருக்கிறார்கள். எத்தனை நிறுத்தங்கள் இருந்தாலும் மிகக் குறுகிய வழியை நொடியில் தருவதாக அதன் விளம்பரம் உறுதி கூறுகிறது. கோட்பாட்டுக் கணினியியலில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராமல் கிடக்கும் ஒரு கேள்விக்கு, அதாவது எத்தனை நிறுத்தங்கள் இருந்தாலும் மிகக் குறுகிய சுற்றுவழியை விரைவாகக் காணும் முறை உண்டா என்பதற்கு, மாதச் சந்தாவில் விடை கிடைக்கிறதென்றால், அதைச் சோதிக்காமல் இருக்க இயலுமா?

20 சங்கங்களுக்குச் சென்று திரும்ப 24,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட வரிசைகள் உண்டு. அத்தனையையும் பார்க்க வேண்டியதில்லை. 1962-இல் கணித ஆய்வாளர் பெல்மன் ஒருபுறமும், ஹெல்டும் கார்ப்பும் மறுபுறமும் தனித்தனியே தந்த முறை, சுமார் 42 கோடிப் படிகளில் மிகச் சரியான விடையைத் தந்துவிடும். சாதாரண மடிக்கணினிக்கு அது பெரிய வேலையன்று. அவ்வாறு கணக்கிட்டபோது, வேலந்தாவளம், ஒழலப்பதி, எருத்தேம்பதி ஆகியவை அடங்கிய சுற்றுக்குச் செயலி சொன்ன வழி சில கிலோமீட்டர் கூடுதலாகவே இருந்தது. உறுதி தரக்கூடிய அளவிலேயே சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்பதுதான் என் முதன்மையான குறை.

நிறுத்தங்கள் 30 ஆனால் படிகள் ஒரு லட்சம் கோடியை நெருங்கும். அங்கே தோராய விடையைக் குறை சொல்ல மாட்டேன். குறுகிய வழியைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேற்படாத வழியை விரைவில் காணலாம் என்று 1976-இல் கிறிஸ்டோஃபைட்ஸ் காட்டினார். 2020-இல் கார்லின், கிளைன், ஓவிஸ் கரன் ஆகியோர் அந்த எல்லையை இம்மியளவு குறைத்ததே பெருஞ்செய்தியானது.

போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்றாக இருந்தால்தான் அந்த ஒன்றரை மடங்கு செல்லும். நிரம்பிய கேன்களோடு ஏற முடியாத கால்வாய்க்கரைப் பாதைகள் உள்ள ஊரில் அப்படி இருக்குமா? இருதிசைத் தூரம் வேறுபடும் கணக்குக்கு, நிறுத்தங்கள் எத்தனை ஆனாலும் மாறாத ஒரு மடங்குக்குள் நிற்கும் விரைவான முறையை ஸ்வென்சன், டார்னவ்ஸ்கி, வேக் ஆகியோர் தந்தது 2018-இல்தான். செயலியில் ஒரு பாதையை ஒருதிசையில் மட்டும் அடைக்கும் வசதியே இல்லை; இதை உடனே சேர்க்க வேண்டும்.

வரைபடம் தெளிவாக இருக்கிறது, இணையம் அறுந்தாலும் வழி மறைவதில்லை. நிறுத்தங்கள் அன்றாடம் மாறும் வண்டிக்கு வாங்கலாம். தினமும் ஒரே சுற்றில் ஓடும் பால் வேனுக்கு ஒருமுறை சரியாகக் கணக்கிட்டுத் தாளில் எழுதி ஒட்டிக்கொண்டால் போதும், சந்தா வீண்.