செல்சி மலர்க் கண்காட்சி: முதலில் கூடாரத்துக்குள் போங்கள்

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் எங்கே போனாலும், சந்தையில் பூ வாங்கும்போது, கோயிலில், கிளினிக்கில் நம்பருக்காக உட்கார்ந்திருக்கும்போதுகூட, "அக்கா, லண்டன் பூக்கண்காட்சிக்குப் போனீங்களாமே, காசுக்குத் தகுமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி சொல்லி பாதியில் நிறுத்திவிடுகிறேன், அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடி வளர்க்கிற கை உங்களுடையது என்றால் ஒரு தடவையாவது போக வேண்டும். அழகாகப் படம் எடுப்பதற்கு மட்டும் என்றால் அந்தக் காசில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போய் நான்கு நாள் தங்கி வரலாம், அதுவும் நல்லதுதான்.

நான் பத்தொன்பது வருடம் செம்பனை (எண்ணெய்ப் பனை) நர்சரியில் வேலை செய்தவள். பாலிபேக்கில் மண் நிரப்பி, முளைவிட்ட விதையை ஊன்றி, மூன்று மாதம் நிழலில் வைத்து, அப்புறம் பெரிய பைக்கு மாற்றி, ஒரு வருடம் போல வளர்த்து லாரியில் ஏற்றுகிற வரைக்கும் எல்லா வேலையும் பார்த்திருக்கிறேன். குட்டையாக நிற்கிற கன்று, இலை சுருண்ட கன்று, ஓலை விரியாத கன்று என்று கழித்துப் போடுகிற வேலையைத்தான் கடைசியில் என்னிடம் கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரு செடியைப் பார்த்தால் பூவுக்கு முன்னால் தண்டையும் இலையையும்தான் என் கண் பார்க்கும். இந்த விமர்சனமும் அந்தக் கண்ணோடு எழுதுவதுதான்.

செல்சி மலர்க் கண்காட்சியை நடத்துவது ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி, 1804-ல் தொடங்கிய சங்கம். 1913-லிருந்து இதே இடத்தில், லண்டன் செல்சியில் உள்ள ராயல் ஹாஸ்பிட்டல் வளாகத்தில், மே மாதத்தில் ஐந்து நாள் நடக்கிறது. போர்க் காலங்களில் நின்றது, 2020-ல் கோவிட்டால் இணையத்தில் மட்டும் நடந்தது, 2021-ல் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. ஹாஸ்பிட்டல் என்று பெயரே தவிர, அது வயதான ராணுவ வீரர்கள் தங்குகிற இல்லம். சிவப்புக் கோட்டு போட்ட தாத்தாக்கள் சிலரை வழியில் பார்த்தோம், வணக்கம் சொன்னால் நின்று பேசுகிறார்கள்.

டிக்கெட் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். இங்கே ஒரு பயண முகவர் "வாசலில் எடுத்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்று என்னிடம் அடித்துச் சொன்னார். அது தப்பு. முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால்தான் உண்டு. என் மகள் அங்கே நர்ஸாக இருப்பதால் அவளே பல மாதம் முன்னால் எடுத்துவிட்டாள், இல்லாவிட்டால் அத்தனை தூரம் பறந்துபோய் வாசலோடு திரும்பியிருப்பேன். முதல் இரண்டு நாளும் சங்க உறுப்பினர்களுக்கு, மற்றவர்களுக்கு அப்புறம்தான். ஒரு முழு நாள் டிக்கெட் நம் காசுக்கு ஐந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் வரும். பிற்பகலில் உள்ளே போகிற டிக்கெட் குறைவு. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகளை விடமாட்டார்கள், கைக்குழந்தையாக இருந்தாலும் அதே விதிதான். மூன்று வயதுப் பேத்தியை மருமகன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார், நானும் மகளும் மட்டும் போனோம்.

கடைசி நாள் சனிக்கிழமைக்கு எடுத்திருந்தோம். ஸ்லோன் ஸ்குவேர் ரயில் நிலையத்தில் இறங்கி, கூட்டம் போகிற பக்கமாகவே பத்து நிமிடம் நடந்தால் வாசல். காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். எட்டு மணிக்கே போய்விடுங்கள், ஏனென்றால் இந்தக் கண்காட்சியை ஐந்து நாளில் ஒன்றரை லட்சம் பேர் பார்க்கிறார்கள், பத்து மணிக்கு மேல் எல்லாத் தோட்டத்துக்கு முன்னாலும் ஆள் வரிசைதான். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் வலது இடது பார்க்காமல் கண்காட்சிக்காகவே கட்டிய பெரிய தோட்டங்கள் இருக்கிற பாதைக்கு ஓடுகிறார்கள், டிவியில் காட்டுவது அதைத்தான். மகளும் அங்கேதான் இழுத்தாள். நான் மாட்டேன் என்று சொல்லி, நர்சரிக்காரர்கள் செடி வைத்திருக்கிற பெரிய கூடாரத்துக்குள் போனேன். அந்த நாளில் நான் செய்த சரியான காரியம் அதுதான்.

கூடாரம் என்றால் கல்யாணக் கூடாரம் மாதிரி நினைக்காதீர்கள், கிட்டத்தட்ட 3 ஏக்கர். உள்ளே நுழைந்ததும் வாசனைதான் முதலில் வந்தது, எந்தப் பூ என்று பிரிக்க முடியாத வாசனை, மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாள் கோயில் மண்டபத்தில் பூக்கூடைகளை இறக்கி வைத்திருப்பார்களே, அதுபோல. ஒவ்வொரு நர்சரிக்காரரும் தன் செடியை மட்டும் வைத்திருக்கிறார். ஒருவருக்கு ரோஜா மட்டும், ஒருவருக்குக் கள்ளி மட்டும், இன்னொருவருக்குப் பட்டாணிப் பூ மாதிரி இருக்கிற ஸ்வீட் பீ மட்டும். டெல்பினியமும் பெகோனியாவும் வைத்திருந்த பிளாக்மோர் அண்ட் லாங்டன் என்பவர்கள் 1901-லிருந்து தொழில் செய்கிறவர்கள், 1913 முதல் கண்காட்சியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறவர்கள். டெல்பினியம் நெட்டையாக, ஆள் உயரத்துக்கு, நீலமும் ஊதாவுமாக நிற்கிற பூ. பெகோனியா ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். நம் ஊரில் பெகோனியாவை இலைக்காக வைப்போம், இப்படிப் பூக்கும் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் எனக்குள் இருந்த நர்சரிக்காரி விழித்துக்கொண்டாள். டாஃபடில் இளவேனில் தொடக்கத்திலேயே பூத்து முடிந்துவிடும், டெல்பினியம் ஜூனில்தான் பூக்கும், இரண்டும் மே மாதம் ஒரே நாளில் ஒரே கூடாரத்தில் எப்படி? மகளை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன். முந்திப் பூப்பதைக் குளிர் அறையில் வைத்துத் தூங்க வைக்கிறார்கள், பிந்திப் பூப்பதைக் கண்ணாடி வீட்டில் சூடு கொடுத்து எழுப்புகிறார்கள். காட்ட வேண்டியதைவிடப் பல மடங்கு செடி வளர்த்து, அந்த ஒரு வாரத்தில் சரியாக நிற்பதை மட்டும் எடுத்து வருகிறார்கள். மற்றதெல்லாம் கழிவு. இதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் அந்தக் கழிக்கிற வேலை எவ்வளவு மனசை அறுக்கும் என்று அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். டெல்பினியத் தண்டு உள்ளே குழல் மாதிரி காலியாக இருக்குமாம், வெட்டியதும் தலைகீழாகப் பிடித்து, தண்டுக்குள் தண்ணீர் ஊற்றி, பஞ்சு வைத்து அடைத்தால் பூ வாடாமல் நிற்குமாம். இதை ஒரு வயதான நர்சரிக்காரர் கையால் செய்தே காட்டினார். நான் செம்பனை நாற்றுக்காரி என்று மகள் சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, உங்கள் ஊரில் ஒரு நாற்றுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் விடுவீர்கள் என்று திருப்பிக் கேட்டார். இருபது நிமிடம் பேசினோம். அங்கே நிற்கிறவர்கள் பெரும்பாலும் செடியை வளர்த்தவர்களேதான், அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கூடாரத்தின் ஒரு பக்கம் கரீபியன் தீவுக்காரர்களின் பூக்கள், ஹெலிகோனியா, ஆந்தூரியம், சிவப்பு இஞ்சிப் பூ. அதற்கு நடுவில் நம் புங்கா கந்தான், இஞ்சிக் குடும்பத்துப் பூ! லக்சா நூடுல்ஸுக்கு வேலியோரம் போய்ப் பறித்து வருகிறோமே, அதே பூவை நடுவில் வைத்து ஆட்கள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மா தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் மைலோ டின்னில் ரோஜாவும் பின்னால் கந்தானும் வைத்திருந்தார். அவர் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். அந்த மரமே இந்த ஊர் வழியாக வந்ததுதான்: 1876-ல் பிரேசிலிலிருந்து எடுத்து வந்த சுமார் 70,000 விதையை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, அதில் தப்பிய கன்றுகளில் 22-ஐ 1877-ல் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள், அதில் சில நமக்குப் பக்கத்தில் கோலக் கங்சாரில் நடப்பட்டன, அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே வேலி போட்டு நிற்கிறது. ஒரு கன்றைக் கடல் தாண்டி உயிரோடு கொண்டுபோன அந்தக் கைகளை அங்கே நின்றபடி நினைத்துக்கொண்டேன்.

தோட்டங்களைப் பற்றி. அழகு, குறை சொல்ல ஒன்றுமில்லை. வெறும் புல்தரையில் சுமார் மூன்றே வாரத்தில் குளம், கல்சுவர், வளர்ந்த மரம் எல்லாம் வைத்து, பல வருடம் அங்கேயே இருந்தது போலக் கட்டிவிடுகிறார்கள். முடிந்ததும் பிரித்து, இப்போதெல்லாம் பல தோட்டங்களை மருத்துவமனை, பள்ளி என்று வேறு இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் உள்ளே நடக்க முடியாது, கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்க்கணும், முன் வரிசைக்கு வரப் பொறுமை வேண்டும். தங்கம், தங்க முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம் என்று பதக்க அட்டை வைத்திருப்பார்கள். அது ஓட்டப்பந்தயம் மாதிரி ஒருவருக்கு மட்டும் கிடைப்பது இல்லை, பரீட்சை மாதிரி அந்தத் தரத்தைத் தொட்ட எல்லாருக்கும் தங்கம். அதனால் தங்கம் வாங்காத தோட்டத்தைத் தாண்டிப் போகாதீர்கள், எனக்குப் பிடித்த சின்னத் தோட்டத்துக்கு வெண்கலம்தான்.

சாப்பாடு உள்ளே விலை அதிகம். நாங்கள் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போய்ப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மே மாதம்தானே என்று மெல்லிய சேலையில் போய்விடாதீர்கள், வெயிலும் மழையும் குளிரும் ஒரே நாளில் வந்தது. நடந்து தேய்ந்த பழைய சப்பாத்துதான் நல்லது. முட்டி வலி உள்ளவர்கள் வெளியே பெஞ்சு கண்டதும் உட்கார்ந்துவிடுங்கள், பிறகு கிடைக்காது.

சனிக்கிழமை போவதற்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. பூக்கள் கொஞ்சம் களைத்திருக்கும், ரோஜா சில இதழ் உதிர்ந்திருந்தது. ஆனால் நாலு மணிக்கு மணி அடிப்பார்கள், அடித்ததும் காட்சிக்கு வைத்த செடிகளை விற்பார்கள். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்! தலைக்கு மேல் பூ ஆட ஆட, குழந்தையைத் தூக்குவது போல அணைத்துக்கொண்டு, கோட்டு போட்டவர்களும் பாட்டிகளும் ரயில் நிலையத்துக்கு நடக்கிறார்கள், ரயில் பெட்டிக்குள்ளும் பூ. ஆசையில் ஊருக்கு எடுத்துவரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். செடியோ விதையோ அனுமதிப் பத்திரம் இல்லாமல் நம் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, நோய் வந்தால் அடி வாங்குவது நம் தோட்டங்கள்தான்.

நாங்கள் மகள் வீட்டுக்காக ஒரு லூபின் வாங்கினோம். தொட்டியைத் திருப்பி வேரைப் பார்த்துத்தான் எடுத்தேன், விற்றவர் சிரித்தார். அது அவரைக் குடும்பம், செம்பனைக்கு நடுவில் மூடுபயிராக விடுகிற மியூக்குனா மாதிரி மண்ணுக்குச் சத்துச் சேர்க்கும், அதனால் அதிக உரம் போடாதே என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் போன் செய்தாள். பூத்து முடிந்த தண்டை வெட்டிவிட்டாளாம், பக்கத்திலிருந்து இரண்டு சின்னத் தண்டு எழும்பியிருக்கிறதாம், ஆனால் நத்தை இலையைக் கடிக்கிறதாம். ராத்திரி டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.