"பனிக்குகை நடை உறுதி" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

மினியாபொலிஸ், செயின்ட் பால் பக்கம் இருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இரண்டு நாட்களாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. உறைந்த ஏரியின் மேல் எறும்புச் சாரியாக மனிதர்கள், பக்கத்தில் செம்பாறைக் குகை, அதன் கூரையிலிருந்து ஆளுயரத்துக்குத் தொங்கும் பனிக்கூம்புகள். கீழே "அப்போஸ்டல் தீவுகள் பனிக்குகை நடை, உறுதி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு 165 டாலராம். இதே படத்தையும் இதே "உறுதி"யையும் நம்பி 2024 பிப்ரவரியில் ஐந்து பேருக்கு 725 டாலர் கட்டி ஏமாந்தவன் நான். பணத்தோடு போயிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அத்தானின் மணிக்கட்டும் உடைந்தது.

இடத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வட கோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில், கோர்னுகோபியா என்ற சிற்றூருக்குச் சற்றுக் கிழக்கே, அப்போஸ்டல் தீவுகள் தேசியப் பூங்காப் பகுதியைச் சேர்ந்த மேயர்ஸ் பீச் இருக்கிறது. பெயருக்குத்தான் ஏரி. 82,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, கடலைப் போலவே அலை வந்து அறைகிறது. அந்த அலை கரையோர மணற்பாறையைக் குடைந்து குடைந்து உண்டாக்கிய குகைகளை அங்கே கடற்குகைகள் என்றே சொல்கிறார்கள். கோடையில் படகில் போய்ப் பார்க்கலாம். கடுங்குளிரில் ஏரி உறைந்தால் பனியின் மேலேயே ஒரு மைல் நடந்து குகை வாசலுக்குப் போகலாம்.

"உறைந்தால்" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. குளிர் இருந்தால் மட்டும் போதாது. பனி கனமாக இருக்க வேண்டும், கரையோடு இறுகப் பற்றியிருக்க வேண்டும், அதைப் பெயர்க்கும் பெருங்காற்று வீசாமல் இருக்க வேண்டும். நேற்று வரை கல்லாகக் கிடந்த பனித்தளத்தைக் காற்று ஒரே இரவில் உடைத்து ஏரிக்குள் தள்ளிவிடும். 2014இல் எல்லாம் கூடிவந்தது. இரண்டே மாதத்தில் ஏறத்தாழ 1,38,000 பேர் போய்ப் பார்த்தார்கள். 2015இல் சில நாட்களே திறந்திருந்தது. அதன் பிறகு வந்த குளிர்காலங்கள் பல, குகைவழி திறக்காமலேயே கழிந்தன. தேசியப் பூங்கா அலுவலர்களே பனியைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் திறக்கிறோம் என்கிறார்கள். ஒரு வேன் வைத்திருப்பவர் இரண்டு வாரம் முன்கூட்டியே எப்படி உறுதி கொடுக்க முடியும்? இதைப் பணம் கட்டுமுன் நான் கேட்டிருக்க வேண்டும்.

நியூ ஜெர்சியிலிருந்து அக்காவும் அத்தானும் பத்து வயது மகனோடு பிரசிடென்ட்ஸ் டே விடுமுறைக்கு வந்திருந்தார்கள். பையனுக்குப் பனிக்குகையைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆண்டு குளிர்காலம் எப்படி இருந்தது என்று இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். தெருவில் பனியே இல்லை. எனக்கே சந்தேகம் வந்து அந்த ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். தமிழர்தான். "அண்ணா, இங்கே இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வடக்கே ஏரி நன்றாக உறைந்திருக்கிறது. போன வாரம்தான் ஒரு குழுவைக் கூட்டிப்போய் வந்தோம்" என்றார். அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிட்டுச் சொன்னது பச்சைப் பொய். அந்தக் குளிர்காலத்தில் சுப்பீரியர் உள்ளிட்ட பேரேரிகளில் பனி வழக்கத்தைவிட மிக மிகக் குறைவு. அடுத்த வாரம் விஸ்கான்சினின் ஹேவர்ட் பக்கம் நடந்த புகழ்பெற்ற பிர்கபைனர் பனிச்சறுக்குப் போட்டியையே 10 கிலோமீட்டர் சுற்றில் செயற்கைப் பனியைக் கொட்டித்தான் நடத்தினார்கள்.

சனிக்கிழமை விடியுமுன் வேன் கிளம்பியது. நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம். மேயர்ஸ் பீச்சில் இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது அலைச் சத்தம். எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் கருநீலத் தண்ணீர். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, பனி எங்கே?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு வேன் ஓட்டி வந்தவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "மேலே காட்டுப்பாதை இருக்கிறது, அங்கிருந்து குகை தெரியும், நடங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் போனார்.

அந்தக் கரையோரப் பாதையைக் குறை சொல்ல மாட்டேன். தக்க ஏற்பாட்டோடு போனால் அருமையான பாதை. முதல் குகை தெரியும் இடம் இரண்டு மைல் தொலைவு. தொடக்கத்தில் பலகை நடைபாதை, அப்புறம் ஓடைப் பள்ளங்களில் இறங்கி ஏற வேண்டும், கடைசியில் பாறை விளிம்பு. அங்கே கைப்பிடிக் கம்பி கிடையாது. அந்த வாரம் பகலில் உருகி இரவில் உறைந்து, பலகைகளின் மேல் கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல மெல்லிய பனி. பலகையின் மரக்கோடுகள் அடியில் தெளிவாகத் தெரிந்தன. மேலே பனி இருப்பது காலை வைத்த பிறகுதான் தெரிந்தது. இப்படிப்பட்ட பாதைக்குக் காலணியில் மாட்டும் இரும்புமுள் பட்டை வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற பொருள். "எல்லா உபகரணமும் நாங்களே தருவோம்" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். பதினோரு பேர் போயிருந்தோம். வேனில் இருந்தவை மூன்று ஜோடி. அவற்றில் ஒன்றின் ரப்பர் அறுந்திருந்தது.

நல்ல ஜோடி ஒன்றைப் பையனுக்கு மாட்டினோம். பள்ளத்தில் இறங்கும்போது அத்தானின் கால் வழுக்கியது. விழும்போது கையை ஊன்றினார். சத்தமே போடவில்லை, முகம் மட்டும் வெளுத்துப்போனது. அக்கா தன் சால்வையைக் கழற்றிக் கழுத்தோடு சேர்த்துக் கையைக் கட்டினாள். முதலுதவிப் பெட்டி கேட்டோம், இல்லை. பக்கத்து ஊரான ஆஷ்லாந்துக்கு, மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள் என்று கெஞ்சினேன். மற்றவர்கள் திரும்பி வரட்டும் என்று ஒன்றரை மணி நேரம் வேனில் உட்கார வைத்தார்கள். இதைத்தான் என்னால் இன்று வரை பொறுக்க முடியவில்லை. பின்பு டுலூத் நகருக்கு வந்துதான் எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு இடத்தில் முறிவு.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "இயற்கை எங்கள் கையில் இல்லை, குகையைக் காட்டினோமே" என்று பதில் வந்தது. பிறகு அந்த எண்ணிலிருந்து பதிலே இல்லை. நான் கைபேசிச் செயலி வழியாக நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தேன், வங்கி கைவிரித்துவிட்டது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஆட்சேபம் தெரிவிக்க வழி இருந்திருக்கும்.

பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். பனிவழி திறந்திருக்கிறதா என்பதைப் பூங்காவே அறிவிக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளக் காசு வேண்டாம். 2015இல் திறந்தபோது பெரியவர்களுக்குப் பூங்கா வாங்கிய கட்டணமே 5 டாலர்தான். தேசியப் பூங்காவுக்குள் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை வழிநடத்திச் செல்ல வணிக அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் காட்டுங்கள் என்று முன்பே கேளுங்கள். அத்தான் விழுந்து, திரும்பி வந்த பிறகுதான் நான் கேட்டேன், பதில் இல்லை. பனிவழி திறக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். குகைவழி திறந்திருந்தாலும் கூரையடியில் நின்று படம் எடுக்காதீர்கள், தொங்கும் பனி பெயர்ந்து விழும். விளம்பரப் படத்தையும் நம்ப வேண்டாம். அத்தனை கூட்டம் 2014இல் வந்த கூட்டம். இந்த ஆண்டு எடுத்த படம் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் சுற்றும் விளம்பரத்தில் நிறுவனப் பெயர் மாறியிருக்கிறது, தொலைபேசி எண் மாறவில்லை. ஏற்கெனவே கார்டில் பணம் கட்டியவர்கள் இன்றே உங்கள் வங்கியோடு பேசுங்கள். என்னிடம் பழைய ரசீது, குறுஞ்செய்திகள், டுலூத் மருத்துவ ரசீது மூன்றும் இருக்கின்றன. புகார் கொடுக்க யாருக்குத் தேவைப்பட்டாலும் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.